ரஃபி பாடியவை எத்தனை?

தமிழிலக்கிய வரலாறு பயில்வோர்க்குக் காலக்கணிப்பு என்பது தீராத தலைவலி. திருவள்ளுவர் எந்த நூற்றாண்டினர், கம்பர் எந்த நூற்றாண்டினர் என்று அறிஞர் பெருமக்கள் எழுதிக் குவித்த பக்கங்களை அடுக்கினால் துறை நூலகத்தில் ஓர் அலமாரி நிறையும். வகுப்பில் இவற்றை நடத்தும்போதெல்லாம் மாணவர் முகங்களில் சலிப்புப் படர்வதைக் கண்டிருக்கின்றேன். "பாட்டு நன்றாயிருக்கிறது, பாடியவர் எப்போது பிறந்தால் என்ன, ஐயா?" என்று துணிந்து கேட்டவரும் உண்டு.

ஓலையும் எழுத்தாணியும் இருந்த காலத்தை விட்டுவிடுவோம். அச்சும் வானொலியும் ஒலிப்பதிவும் வந்துவிட்ட இருபதாம் நூற்றாண்டில், கோடிக்கணக்கான மக்கள் அறிந்த ஒரு பாடகரின் பிறப்பு, இறப்பு, பாடல் எண்ணிக்கை ஆகியவற்றை அறிவதில் இடர்ப்பாடு ஏதும் இராது என்றே எவரும் எண்ணுவர். ஆனால் உலகச் சாதனைகளைத் தொகுத்துத் தரும் கின்னஸ் நூலின் 1984-ஆம் ஆண்டுப் பதிப்பு, முகம்மது ரஃபி 1980 ஆகஸ்டு முதல் நாள் மறைந்தார் என்று அச்சிட்டது. அவர் மறைந்தது ஜூலை 31-ஆம் நாள் இரவு. அண்மையில் நிகழ்ந்த ஓர் இறப்பையே ஒரு நாள் தள்ளி எழுதிய அந்நூல், அவர் பாடியதாகச் சொல்லப்பட்ட பாடல்களின் எண்ணிக்கையையும் அதே பத்தியில் தந்தது. அந்த எண்ணைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

திரையிசை பற்றி இம்மலரில் எழுதுவதா என்று பெரியவர்கள் சிலர் புருவம் நெரிக்கக் கூடும். அவர்களின் முன்னிலையிலேயே சொல்லத்தக்க செய்திதான் இது. இதில் வரும் ஒரு பெரியவர் என் வாப்பா.

கல்லூரி நாள் தொட்டு நான் ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றேன். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். இசைவாணர் எவரேனும் பிறந்த நாள், மறைந்த நாள், இசையுலகில் ஏதேனும் ஒன்று முதன்முதலாக நிகழ்ந்த நாள் ஆகியவற்றை அந்தந்தப் பக்கத்தில் எழுதி வருவேன். பல பக்கங்கள் இன்றும் வெற்றிடமாக உள்ளன. டிசம்பர்த் திங்களின் இறுதிப் பக்கங்களோ நிரம்பி வழிகின்றன. இசையமைப்பாளர் நௌஷாத் இலக்னோவில் பிறந்தது 1919 டிசம்பர் 25. முகம்மது ரஃபி பஞ்சாபில் அமிர்தசரஸை அடுத்த கோட்லா சுல்தான் சிங் என்னும் சிற்றூரில் பிறந்தது 1924 டிசம்பர் 24. நம் இசைமுரசு நாகூர் ஹனீபா பிறந்தது 1925 டிசம்பர் 25. ரஃபியோடு இணைந்து பாடிய நூர்ஜஹான் கராச்சியில் மறைந்தது 2000 டிசம்பர் 23. வடக்கே ஒரு குரலும் தெற்கே ஒரு குரலுமாக ஓராண்டும் ஒரு நாளும் இடைவெளி விட்டுப் பிறந்திருக்கின்றன என்று அந்தப் பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம் வியந்துகொள்வேன். இதில் உட்பொருள் ஏதும் இருப்பதாக நான் கருதவில்லை. பார்ப்பதற்கு அழகாயிருக்கின்றது, அவ்வளவே.

ரஃபியின் குடும்பம் அவருடைய சிறுவயதிலேயே லாகூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர்களுக்கு முடிதிருத்தும் கடை இருந்தது. உஸ்தாத் அப்துல் வஹீத் கான், பண்டிட் ஜீவன்லால் மட்டூ, ஃபிரோஸ் நிஜாமி ஆகியோரிடம் அவர் இசை பயின்றார். பதின்மூன்று வயதில், கே.எல். ஸைகல் பாட வந்திருந்த மேடையில் மின்சாரம் தடைப்பட்டபோது, கூட்டத்தை அமைதிப்படுத்த ஒலிபெருக்கியின்றிப் பாடினார் என்பது அவர் வரலாற்றை எழுதுவோர் எவரும் விடாமல் சொல்லும் நிகழ்ச்சி. 1944-இல் பம்பாய் வந்தார். பிண்டி பஜாரில் ஒரு சிறிய அறையில் தங்கியிருந்தார். 'குல் பலோச்' என்னும் பஞ்சாபிப் படத்திலும், அதனையடுத்து 'காவோன் கி கோரி' என்னும் இந்திப் படத்திலும் அவர் குரல் ஒலித்தது. 1947-இல் வந்த 'ஜுக்னு' படத்தில் நூர்ஜஹானுடன் அவர் பாடிய பாடல் பெரும் புகழ் பெற்றது. அந்த ஆண்டிலேயே நாடு இரண்டாயிற்று. நூர்ஜஹான் பாகிஸ்தான் சென்றார். ரஃபி பம்பாயிலேயே நின்றுவிட்டார். தாம் வளர்ந்த லாகூர் அயல்நாடாகிவிட்டது. அடுத்த ஆண்டு காந்தியடிகள் கொல்லப்பட்டபோது, அப்பெருமகனாரின் வரலாற்றைப் பாடலாக்கிய இசைத்தட்டில் ஒலித்தது ரஃபியின் குரலே. நேரு அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துப் பாடச் செய்தார்.

நான் அவரைக் கேட்கத் தொடங்கியது பின்னர்தான். எங்கள் ஊர் பாக் நீரிணைக் கரையில் உள்ளது. கொழும்பில் வாணிகம் செய்துவந்த சாச்சா ஒரு முறை ஊர் திரும்பியபோது மர்பி வானொலிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். திருச்சி நிலையத்தைக் காட்டிலும் இலங்கை வானொலிதான் எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். அதற்குக் கடல் மட்டும் காரணமன்று. ஒரு வரலாறும் உண்டு. 1952-இல் நடுவண் அரசில் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் தரம் தாழ்ந்தவை என்று கருதினார். அகில இந்திய வானொலியிலிருந்து அவை மறைந்தன. நாட்டு மக்கள் சினங்கொள்ளவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளைச் சற்றே திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' அங்கே தொடங்கியது. புதன்கிழமைதோறும் இரவு எட்டு மணிக்கு இந்தியாவின் பாதி வீடுகள் அந்நிகழ்ச்சிக்குக் காதைக் கொடுத்தன. ஐந்தாண்டுகள் கழித்து, 1957 அக்டோபர் 3-இல் விவித் பாரதியைத் தொடங்கி அரசு இறங்கி வந்தது. ஓர் அமைச்சரின் இசைக்கொள்கை, பக்கத்து நாட்டு வானொலி நிலையம் ஒன்றை வளமாக்கிய இக்கதை எம் ஊர்த் தேநீர்க் கடைகளில் நெடுநாள் நகைச்சுவையாக இருந்தது.

எங்கள் வீட்டில் உருது அறிந்தவர் எவருமில்லை. அரபுத்தமிழ் படித்த பாட்டியும், தமிழும் கொஞ்சம் சிங்களமும் அறிந்த சாச்சாவுமே எங்கள் பன்மொழிப் புலவர்கள். பொருள் விளங்காமலே ரஃபியைக் கேட்டோம். வாப்பாவுக்குத் திரைப்பாடல் ஆகாது. வானொலி ஒலித்தால் உள்ளே போய்விடுவார். ஆனால் ஒருநாள் ரஃபியின் குரல் மேல்நிலைக்கு ஏறிக்கொண்டிருந்தபோது வாசற்படியில் நின்று கேட்டவர், "பாங்கு சொல்ல வேண்டிய கொரலு, படத்துக்குப் போயிருச்சே" என்று வருந்திச் சொன்னார். பிற்காலத்தில் ரஃபியைப் பற்றித் திறனாய்வாளர் பலர் எழுதியவற்றைப் படித்திருக்கின்றேன். வாப்பாவின் அந்த ஒரு வரியில் இருந்த பாராட்டையும் மனக்குறையையும் ஒருசேர வேறெங்கும் கண்டதில்லை.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழர் வாணியம்பாடிக்காரர். உருது அவர் தாய்மொழி. ரஃபியின் பாடல்களுக்கு முதன்முதலாகப் பொருள் கிடைத்தது அவர் வாயிலாகத்தான். 1965-ஆம் ஆண்டு தமிழகம் முழுதும் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி கொழுந்துவிட்டு எரிந்தது. எங்கள் விடுதியிலும் பகலில் ஊர்வலம். புதன் இரவில் பொது அறையில் கீத்மாலா. இதனை முரண்பாடு என்று இன்று எள்ளுவோர் உளர். வற்புறுத்தி வந்ததை எதிர்த்தோம்; வானொலியில் வந்ததை வரவேற்றோம். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு அன்று பதினெட்டு வயது மாணவனுக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

'பைஜு பாவ்ரா' 1952-இல் வெளிவந்த படம். அதில் 'மன் தர்பத்' எனத் தொடங்கும் பாடலை அறைத்தோழர் வரிக்கு வரி விளக்கிய இரவு இன்றும் நினைவில் உள்ளது. திருமாலைக் காண ஏங்கும் ஓர் அடியவரின் உள்ளத் துடிப்பு அது. எழுதியவர் ஷக்கீல் பதாயூனி, இசையமைத்தவர் நௌஷாத், பாடியவர் ரஃபி. மூவரும் முஸ்லிம்கள். பண் மால்கௌன்ஸ், நம் பக்கத்தில் இந்தோளம் என்போம். ஆழ்வார் பாசுரங்களை வகுப்பில் நடத்தும்போது இப்பாடலை மாணவர்க்கு எடுத்துக்காட்டுவது என் வழக்கமாயிற்று. சமய நல்லிணக்கம் என்னும் சொல்லை அங்கே நான் பயன்படுத்துவதில்லை. மூன்று தொழில்வல்லார் தம் தொழிலை நூற்றுக்கு நூறு செய்தார்கள் என்று மட்டுமே சொல்வேன். மாணவர் மற்றதைத் தாமே உணர்ந்துகொள்வர்.

ரஃபியின் தொழில்நுட்பம் எளிதில் கண்ணுக்குப் புலப்படாதது. திலீப் குமாருக்குப் பாடும்போது அடங்கிய சோகம். ஷம்மி கபூருக்குப் பாடும்போது துள்ளலும் குறும்பும். ஜானி வாக்கருக்குப் பாடும்போது தெருவோரத்து நையாண்டி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் திரையில் வாயசைப்பவர் யாரென்று சொல்லிவிடலாம். சென்னை ஏ.வி.எம். நிறுவனம் 'குலதெய்வம்' படத்தை 1957-இல் 'பாபி' என்று இந்தியில் எடுத்தபோது, அதில் புகழ்பெற்ற பாடலைப் பாடியவரும் அவரே. தெலுங்கில் என்.டி. ராமராவுக்கும் பாடியிருக்கின்றார்.

இத்தகைய கலைஞர்களின் பெயர் முற்காலத்தில் இசைத்தட்டிலேயே இருந்ததில்லை என்றால் இன்றைய மாணவர் நம்பமாட்டார்கள். 1949-இல் வந்த 'மஹல்' படத்துப் பாடலின் இசைத்தட்டில் பாடகியின் பெயராக 'காமினி' என்று இருந்தது. காமினி என்பது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர். பாடியது யார் என்று நேயர்கள் வானொலிக்குக் கடிதம் எழுதிய பின்னரே பெயர் வெளிவந்தது. ஃபிலிம்ஃபேர் விருதுகளில் பின்னணிப் பாடகர்க்கென்று ஒரு பரிசு 1959 வரை இல்லை. ரஃபி அவ்விருதை முதன்முதலில் பெற்றது 1960-இல் வெளிவந்த 'சௌத்வீன் கா சாந்த்' படத்திற்காக. ஆக, பாடகர்களின் கணக்கை வைத்துக்கொள்ளாதது ஒருவர் குற்றமன்று. கணக்கு வைக்கத்தக்கவர்கள் என்றே அவர்களை எவரும் கருதவில்லை.

இங்கே ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். 1960-களின் தொடக்கத்தில், இசைத்தட்டு விற்பனையில் பாடகருக்கும் பங்கு வேண்டும் என்று லதா குரல் எழுப்பினார். ரஃபி அதற்கு உடன்படவில்லை. பாடினேன், கூலி பெற்றேன், அத்தோடு என் உரிமை தீர்ந்தது என்பது அவர் நிலை. இருவரும் சில ஆண்டுகள் இணைந்து பாடாமல் இருந்தார்கள். ரஃபியின் அன்பர்கள் இதனை அவருடைய பெருந்தன்மைக்குச் சான்றாக எழுதுவர். அவர் பெருந்தன்மையாளர் என்பதில் ஐயமில்லை. பணமில்லாத படத்தயாரிப்பாளர்க்கும் இசையமைப்பாளர்க்கும் பெயரளவு ஊதியத்தில் பாடியவர் என்பதும் பலர் அறிந்ததே. ஆயினும் இவ்வழக்கில் நான் லதாவின் பக்கம். வசதியுள்ள ஒருவர் தம் பங்கை விட்டுக்கொடுப்பது ஈகை. வசதியற்ற நூறு பாடகர்களின் பங்கும் அதனோடு சேர்ந்து போய்விடுகின்றதே! 2012-இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் ஆகியோருடைய தொடர்வருவாய் உரிமை சட்டத்தில் உறுதிப்பட்டது. அப்போது ரஃபி மறைந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1969-இல் 'ஆராதனா' வந்தது. அதில் ரஃபியும் பாடியிருந்தார். நாடு முழுதும் முணுமுணுத்ததோ கிஷோர் குமாரின் பாடல்களை. சில ஆண்டுகள் ரஃபிக்கு வாய்ப்புகள் சுருங்கின. 1977-இல் வந்த 'ஹம் கிஸிஸே கம் நஹீன்' படப் பாடலுக்குத் தேசிய விருது பெற்று அவர் மீண்டும் எழுந்தார். அதன்பின் வாய்த்தவை மூன்று ஆண்டுகளே.

1980 ஜூலை 31, வியாழக்கிழமை. ரமலான் மாதத்தின் நடுப்பகுதி. அன்றிரவு மாரடைப்பால் ரஃபி மறைந்தார். வயது ஐம்பத்தைந்து. இறுதி நாட்களில் அவர் பாடிக்கொடுத்த 'ஆஸ் பாஸ்' படம் மறு ஆண்டுதான் வெளிவந்தது. வெள்ளியன்று கொட்டும் மழையில் பல்லாயிரவர் திரண்டு சென்று ஜுஹு மையவாடியில் அவரை நல்லடக்கம் செய்தார்கள். நான் அப்போது விடுமுறை பெற்று ஊரில் இருந்தேன். காலைச் செய்தியில் கேட்டதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மாலையில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்காக அமர்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்த வாப்பா, "அந்தப் பாட்டுக்காரர் மவுத்தாயிட்டாராமே?" என்று கேட்டார்கள். ஆம் என்றேன். "பிள்ளைகள் எத்தனை?" என்றார்கள். ஏழு பேர் என்றேன். "மையித்தை நல்லபடியா அடக்கினாங்களா?" என்று அடுத்த வினா. மழையிலும் பெருங்கூட்டம் என்று வானொலி சொன்னதைச் சொன்னேன். நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியதால் பேச்சு நின்றது. கைகளை ஏந்தியிருந்த வாப்பாவின் உதடுகள் அன்று வழக்கத்தினும் சற்று நேரம் அசைந்தன. கேட்டுக்கொண்டதில் யார் பெயர் இருந்தது என்று நான் கேட்கவில்லை; அது கேட்கக் கூடியதுமன்று.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். கின்னஸ் நூலின் 1974-ஆம் ஆண்டுப் பதிப்பு, உலகிலேயே மிகுதியான பாடல்களைப் பதிவு செய்தவர் லதா என்றும், அவர் பாடியவை 25,000-க்குக் குறையாதவை என்றும் எழுதியது. ரஃபி அதனை மறுத்துக் கடிதம் எழுதினார். அவர் மறைவுக்குப் பின் வந்த 1984-ஆம் ஆண்டுப் பதிப்பு, லதாவின் பெயரையே முதலில் வைத்து, ரஃபி 1944 முதல் 1980 ஏப்ரல் வரை பதினொரு இந்திய மொழிகளில் 28,000 பாடல்கள் பாடியதாக உரிமை கொண்டாடினார் என்று ஒரு வரி சேர்த்தது. அன்றிலிருந்து இந்த எண், மேடைதோறும் மாலைபோல் அவருக்குச் சூட்டப்பட்டு வருகின்றது. நினைவு விழாக்களில் முப்பதாயிரம் என்று கூட்டிச் சொல்வோரும் உளர்.

தாளும் எழுதுகோலும் எடுத்து ஒரு நாள் கணக்கிட்டுப் பார்த்தேன். முப்பத்தாறு ஆண்டுகள் என்பது சுமார் பதின்மூவாயிரம் நாட்கள். 28,000 பாடல்கள் என்றால் பெருநாளும் காய்ச்சலும் பயணமும் இன்றி நாளொன்றுக்கு இரண்டுக்கு மேல். அக்காலத்து ஒலிப்பதிவில் பாடகரும் இசைக்குழுவினரும் ஒன்றாக நின்று ஒரே மூச்சில் பதிய வேண்டும். ஒருவர் பிழை செய்தால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டும். நாளுக்கு ஒரு பாடல் என்பதே நிறைந்த வேலை. மற்றொரு வழியிலும் பார்க்கலாம். அந்நாளில் ஆண்டுக்கு நூறு முதல் நூற்றைம்பது வரை இந்திப் படங்கள் வந்தன. படத்திற்கு எட்டுப் பாடல் எனக் கொண்டாலும், அம்முப்பத்தாறு ஆண்டுகளில் எல்லோருமாகப் பாடியவையே ஏறத்தாழ இருபத்தொன்பதாயிரத்திற்கும் நாற்பத்து மூவாயிரத்திற்கும் இடையில் நிற்கும். லதாவின் இருபத்தையாயிரமும் ரஃபியின் இருபத்தெட்டாயிரமும் சேர்ந்தால் ஐம்பத்து மூவாயிரம்! இணைந்து பாடியவற்றையும் பிறமொழிப் பாடல்களையும் கழித்துக்கொண்டாலும், முகேஷும் தலத் மஹ்மூதும் மன்னா தேயும் கிஷோரும் ஆஷாவும் கீதா தத்தும் ஷம்ஷாத் பேகமும் எங்கே நின்று பாடியிருப்பார்கள்?

உண்மைக் கணக்கை எடுத்தவர்கள் சாதனை நூலார் அல்லர். பாடல் பித்துக் கொண்ட தனிமனிதர்கள். அவர்களில் தலையாயவர் கான்பூரைச் சேர்ந்த ஹர்மந்திர் சிங் 'ஹம்ராஜ்'. 1931 மார்ச் 14-இல் வெளிவந்த முதல் இந்திப் பேசும்படமான 'ஆலம் ஆரா' தொடங்கி, பத்தாண்டுக்கு ஒரு தொகுதியாக, ஒவ்வொரு படத்தின் ஒவ்வொரு பாடலையும், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயரோடு அவர் பதிவு செய்தார். 'ஆலம் ஆரா'வின் படச்சுருள் இன்று எங்கும் இல்லை. அத்தகைய படங்களையும் விடாமல் பழைய பாட்டுப் புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் தேடித் தேடித் தொகுத்தார். ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சா. அவர்களைத் தமிழ்த்துறையினர்க்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. நம் பக்கத்தில் பிலிம் நியூஸ் ஆனந்தன் தமிழ்ப் படங்களுக்குச் செய்ததும் இத்தகைய பணியே. இவ்வாறானவர்களின் உழைப்பால் தெளிந்த கணக்கின்படி, ரஃபி பாடிய இந்தித் திரைப்பாடல்கள் ஏறத்தாழ 4,500. பிறமொழிப் பாடல்களையும் தனிப்பாடல்களையும் சேர்த்தால் ஐயாயிரத்தை ஒட்டி வரும். கின்னஸ் நூலும் இருவர் எண்களையும் 1991-இல் நீக்கிவிட்டது. 2016-இல் நம் பி. சுசீலா அவர்களுக்கு அந்நூல் சான்றளித்தபோது எண்ணிக்கை 17,695 என்றிருந்தது. அந்த எண்ணின் இறுதியில் சுழிகள் இல்லாததே எனக்கு நம்பிக்கை தந்தது. யாரோ சிலர் உட்கார்ந்து எண்ணியிருக்கின்றார்கள்.

ஐயாயிரம் என்று நான் ஒரு கூட்டத்தில் சொன்னபோது அன்பர் ஒருவர் மனம் புண்பட்டு எழுந்து போனார். ரஃபியை நான் குறைத்துவிட்டேனாம். இருபத்துமூவாயிரம் பாடல்களை ஒரே வாக்கியத்தில் பறித்துக்கொண்டவனை அவர் எப்படிப் பொறுப்பார்? அவரைத் தேடிச் சென்று, அப்பாடல்கள் எவற்றில் உள்ளன, ஒன்றையேனும் கேட்டிருக்கின்றீர்களா என்று வினவினேன். பிறகு இருவரும் அமர்ந்து, எங்களுக்கு நினைவிலிருந்த ரஃபி பாடல்களை ஒரு தாளில் எழுதினோம். மாலைவரை எழுதி நூற்றுப்பதினேழில் நின்றோம். நூற்றுப்பதினேழே ஒரு மாலைப் பொழுதைத் தின்றுவிட்டது என்று சொல்லி அவர் சிரித்தார். மறுவாரம் நாற்பது பாடல்களைச் சேர்த்து அஞ்சலட்டையில் எழுதியிருந்தார்.

2013-இல் மும்பையில் மகள் வீட்டில் சில நாள் தங்கியிருந்தபோது ஜுஹு மையவாடிக்குச் சென்றேன். ரஃபியின் கபுறைத் தேடினால் காண முடியாது என்று முன்பே அறிந்திருந்தேன். புதிதாக அடக்கம் செய்ய இடமில்லாமையால் 2010-இல் அங்கிருந்த பழைய கபுறுகளின் கட்டுமானங்கள் அகற்றப்பட்டன. ரஃபி, மதுபாலா, சாஹிர் லுதியான்வி, தலத் மஹ்மூத், நௌஷாத் எனத் திரையுலகப் பெருமக்கள் பலருடைய சலவைக்கற்களும் அவற்றோடு போயின. செய்தி வெளியானபோது பலர் கொதித்தெழுந்தார்கள். எனக்கு வருத்தம் இருந்தது, சினம் இல்லை. எங்கள் ஊர் மையவாடியிலும் அதே மண்ணில்தான் தலைமுறை தலைமுறையாக அடக்கம் செய்கின்றோம். என் பாட்டனார் எந்த இடத்தில் உள்ளார் என்று கேட்டால் வேப்பமரத்திற்கு மேற்கே என்றுதான் என்னாலும் சொல்ல முடியும்.

அங்கே காவலில் இருந்த முதியவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். எங்கிருந்து வருகின்றீர்கள் என்றார். மதராஸ் பக்கம் என்றேன். ஒரு தென்னை மரத்தைக் காட்டினார். டிசம்பர் 24-ஆம் நாளும் ஜூலை 31-ஆம் நாளும் அன்பர்கள் வந்து அந்தத் தென்னையின் அருகில்தான் நிற்பார்கள் என்றும், முதன்முறை வருவோர்க்குப் பழையவர்கள் மரத்தைக் காட்டிக் கொடுப்பார்கள் என்றும் சொன்னார். நான் ஸலாம் சொல்லி, ஃபாத்திஹா ஓதி, வாப்பாவின் பெயரையும் அதில் சேர்த்துக்கொண்டேன். வரிசையில் இன்னும் சில தென்னைகள் நின்றன. திரும்பும்போது, வாயிலிலிருந்து அது எத்தனையாவது மரம் என்று எண்ணிக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.